பூட்டுக்கு இரு கடமைகள்

அதிகாலை மணி நான்கரை. ஜொகூர் பாருவிலும் அதைச் சுற்றியுள்ள ஸ்கூடாய், மாசாய் போன்ற இடங்களிலும் வரிசை வீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர், பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் எல்லையைக் கடந்தாக வேண்டும். அவர்கள் மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, இரும்புக் கிரில் கதவைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டுகின்றனர். பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்க்கின்றனர். உள்ளே பாட்டியும் பிள்ளைகளும் உறங்கிக்கொண்டிருக்கின்றனர். 'வீடு பத்திரமாக இருக்கிறது' என்ற நிம்மதியோடு அவர்கள் புறப்படுகின்றனர்.

வீடு உண்மையிலேயே பத்திரமாக இருக்கிறதா? திருடன் உள்ளே வர முடியாது என்பது சரி. ஆனால், அந்நேரத்தில் சமையலறையில் மின்கசிவால் தீப்பிடித்தால், உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியுமா? மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்பது பாட்டிக்குத் தெரியுமா? பூட்டுக்கு இரு கடமைகள் உள்ளன. அந்நியரை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்று. வீட்டார் வெளியேற வேண்டிய நேரத்தில் உடனே வழிவிடுவது மற்றொன்று. நாம் முதல் கடமையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

பூட்டு இயங்கும் விதம்

இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள பூட்டு, அமெரிக்கரான லைனஸ் யேல் 1861-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பைச் சார்ந்தது. பண்டைய எகிப்தியர் மரத்தால் செய்த பூட்டுகளிலும் இதே தத்துவம்தான் இருந்தது. பூட்டுக்குள் ஓர் உருளை உண்டு. அதன் குறுக்கே சிறு ஊசிகள் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டு, சுருள்வில்லால் கீழே அழுத்தப்பட்டிருக்கும். அந்த ஊசிகள் குறுக்கே நிற்கும் வரை உருளை சுழலாது. சரியான சாவியை நுழைத்தால், அதன் பற்கள் ஒவ்வோர் ஊசியையும் தேவையான உயரத்திற்கு மட்டும் தூக்கும். எல்லா ஊசிகளும் ஒரே கோட்டில் பிரியும்போது உருளை சுழன்று பூட்டு திறக்கும். ஒரே ஒரு பல் சற்று உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் பூட்டு அசையாது.

தமிழர்களுக்கும் பூட்டுத் தொழிலில் தனிப் பெயர் உண்டு. தமிழ்நாட்டிலுள்ள திண்டுக்கல் 'பூட்டு நகரம்' என்று அழைக்கப்படுகிறது. அங்குள்ள கைவினைஞர்கள் இரும்பையும் பித்தளையையும் கொண்டு கையாலேயே பூட்டுகளைச் செய்து வருகின்றனர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. சாவியைத் திருப்பும்போது மணியொலி எழுப்பும் மணிப்பூட்டு, மாங்காய் வடிவிலான மாங்காய்ப் பூட்டு எனப் பல வகைகள் அங்கு உண்டு. மலாய்மொழியில் தொங்கு பூட்டையும் மாம்பழத்தையும் 'மங்கா' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது இங்கு நினைக்கத்தக்கது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் 'சாவி' என்ற சொல்லோ போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. திறவுகோல் என்பதே அதற்குரிய பழந்தமிழ்ச் சொல்.

கதவு திறக்காதபோது

பூட்டின் இரண்டாவது கடமை தவறினால் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டியுள்ளது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த இரோகுவாய் நாடக அரங்கில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவுகள் பல பூட்டப்பட்டிருந்தன. சில கதவுகளின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்பது மக்களுக்குத் தெரியவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு அமெரிக்காவில், உள்ளிருந்து உடலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பிக் கதவு உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. இன்று பேரங்காடிகளிலும் திரையரங்குகளிலும் அவசர வழிகளில் நாம் காணும் கதவு இதுதான். வெளியிலிருந்து இது திறக்காது. உள்ளிருந்து திறக்கச் சாவி வேண்டியதில்லை. இரு கடமைகளையும் ஒருசேரச் செய்யும் பூட்டு இது.

நம் நாட்டிலும் மறக்க முடியாத ஒரு துயரம் நிகழ்ந்தது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் விடியற்காலையில், கோலாலம்பூர் டத்தோ கெராமாட் பகுதியிலுள்ள ஒரு சமயப் பள்ளியின் தங்கும் விடுதியில் தீப்பிடித்தது. வாசல் பக்கம் நெருப்பு. சன்னல்களிலோ அசைக்க முடியாத இரும்புக் கம்பிகள். மாணவர்களும் ஆசிரியர்களுமாக 23 பேர் உயிரிழந்தனர். பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்ட கம்பிகளே அவர்களின் வழியை மறித்தன.

சாவி எங்கே இருக்க வேண்டும்?

இதற்காகக் கிரில் கதவுகளைக் கழற்றிவிட வேண்டியதில்லை. அவற்றை முறையாகப் பயன்படுத்தினாலே போதும்.

முதலாவதாக, வீட்டில் ஒருவர் இருக்கும் வரை, உள்ளிருந்தும் திறக்கக்கூடிய பூட்டையே கதவுக்குப் பயன்படுத்த வேண்டும். மாற்றுச் சாவி எப்போதும் வீட்டுக்குள் ஒரே இடத்தில் தொங்க வேண்டும். அந்த இடம் கதவுக்கு அருகில் இருக்க வேண்டும். ஆனால், வெளியிலிருந்து கம்பிகளுக்கிடையே நீளும் கைக்கு எட்டக்கூடாது. வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் மூத்தோருக்கும் எட்டும் உயரத்தில் அது அமைய வேண்டும்.

இரண்டாவதாக, படுக்கையறைச் சன்னல்களுள் ஒன்றிலாவது திறந்து மூடக்கூடிய கிரில் அமைப்பது நலம். வாசலில் தீ பரவினால், அதுவே மற்றொரு வழியாகும். மாடியறையாக இருந்தால், அங்கிருந்து எப்படி இறங்குவது என்பதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

மூன்றாவதாக, குடும்பத்தினர் அனைவரும் பயிற்சி செய்து பார்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக் கதவைத் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடலாம். புகை சூழ்ந்த வீட்டில் கண் தெரியாது. பழகிய கைதான் உதவும்.

பூட்டையும் பராமரிக்க வேண்டும். கடலோர மாநிலமான ஜொகூரில் ஈரக்காற்றாலும் மழையாலும் வெளிப்பூட்டுகள் எளிதில் துருப்பிடிக்கின்றன. சமையல் எண்ணெயை ஊற்றினால் தூசி ஒட்டிக்கொண்டு ஊசிகள் இறுகிவிடும். பூட்டுக்கென விற்கப்படும் கிராஃபைட் தூளைப் பயன்படுத்துவதே நல்லது. துருவேறி இறுகிய பூட்டை உடனே மாற்றிவிட வேண்டும்.

வெளியே அகப்பட்டுக்கொண்டால்

பள்ளி முடிந்து வீடு திரும்பும் மாணவன் பைக்குள் கைவிட்டுத் தேடுகிறான், சாவி இல்லை. இது யாருக்கும் நேரக்கூடியதே. அப்போது பதற்றம் கூடாது. உள்ளே குழந்தையோ நோயாளியோ தனியாக இருக்கிறாரா, அடுப்பு எரிகிறதா என்பதை முதலில் சிந்திக்க வேண்டும். அப்படி ஆபத்து இருந்தால், தயங்காமல் 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். தீயணைப்பு மீட்புத் துறையினர் உதவிக்கு வருவர். ஆபத்து இல்லையென்றால், பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு, நம்பிக்கையான அண்டை வீட்டில் காத்திருக்கலாம். கண்ணாடியை உடைப்பதோ, சுவரேறிக் குதிப்பதோ காயத்தில்தான் முடியும்.

சாவி பூட்டுக்குள் உடைந்துவிட்டால், வேறு சாவியை நுழைக்கக்கூடாது. அது உடைந்த துண்டை இன்னும் உள்ளே தள்ளிவிடும். பூட்டு பழுதுபார்ப்பவரை அழைப்பதே முறை. மின்கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் எண்களைக் கண்மூடித்தனமாக நம்பாமல், வட்டாரத்தில் நிலையான கடை வைத்திருப்பவரை நாடுவது சிறந்தது. வேலையைத் தொடங்கும் முன்பே மொத்தக் கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுப்புள்ள தொழிலாளி, அழைத்தவர் அவ்வீட்டைச் சேர்ந்தவர்தானா என்பதை உறுதிசெய்ய அடையாள அட்டையைக் கேட்பார். அதற்காகச் சினம் கொள்ளக்கூடாது. யார் கேட்டாலும் கதவைத் திறந்துவிடுபவர், நாளை திருடன் கேட்டாலும் திறந்துவிடுவார் அல்லவா?

பூச்சட்டியின் அடியிலும் காலணிக்குள்ளும் சாவியை ஒளித்து வைப்பவர் பலர். திருடன் முதலில் தேடுவதும் அவ்விடங்களைத்தான். ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ கொடுத்து வைப்பதே பாதுகாப்பானது.

அண்டை வீட்டாரே அரண்

எவ்வளவு விலையுயர்ந்த பூட்டாக இருந்தாலும் அது குரல் கொடுக்காது. உதவிக்கு ஓடி வராது. அதைச் செய்பவர்கள் அண்டை வீட்டார்தான். நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா திட்டம், இனவேறுபாடின்றி ஒரே குடியிருப்பில் வாழ்வோரை ஒன்றிணைக்கிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊர் செல்பவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் செல்லலாம். தபால் பெட்டியில் கடிதங்கள் குவியாமல் பார்த்துக்கொள்ளும்படி அடுத்த வீட்டு அங்கிளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், ஆளில்லாத வீடு என்பது வெளியாருக்குத் தெரியாது. அதிகாலையில் பெற்றோர் வேலைக்குச் சென்றுவிடும் வீடுகளுக்கு இத்தகைய நட்பு இன்னும் தேவை.

நாளை அதிகாலையும் ஜொகூரின் வரிசை வீடுகளில் கிரில் கதவுகள் சாத்தப்படும், பூட்டுகள் பூட்டப்படும். பூட்டை இழுத்துப் பார்க்கும் அந்தக் கை, உள்ளே ஆணியில் சாவி தொங்குகிறதா என்பதையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். அப்போதுதான் 'வீடு பத்திரமாக இருக்கிறது' என்ற சொல் முழுமை பெறும்.

கருத்துணர் கேள்விகள்

1. பூட்டின் இரு கடமைகள் யாவை?
2. மாற்றுச் சாவி தொங்கும் இடம் எத்தகையதாக இருக்க வேண்டும்? ஏன்?
3. இரோகுவாய் அரங்கின் தீவிபத்துக்குப் பிறகு உருவான கதவு, பூட்டின் இரு கடமைகளையும் எவ்வாறு நிறைவேற்றுகிறது?
4. பூட்டு பழுதுபார்ப்பவர் அடையாள அட்டையைக் கேட்பது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உன் வீட்டில் தீப்பிடித்தால் வெளியேறக்கூடிய இரு வழிகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை வரைந்து, குடும்பத்தினருடன் கலந்துரையாடுக.