திருப்பிய பொருளும் திரும்ப வேண்டிய பணமும்

மின்நூல் வாசிப்பான் தமிழ் வாசகர்க்கு இன்று புதிய பொருளன்று. 2007-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் கிண்டில் வெளிவந்தது. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் நூற்கடையில் தமிழ், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களும் இடம்பெற்றன. பிற நிறுவனங்களின் கருவிகளும் இப்போது இணையவழியே கிடைக்கின்றன. அத்தகைய கருவி ஒன்றை வாங்கி ஏமாற்றமடைந்து, திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தை, அவருடைய இசைவுடன் இங்கே ஆராய்வோம். கருவியின் பெயரும் விற்றவர் பெயரும் நமக்குத் தேவையில்லை.

அவர் திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பழந்தமிழ் நூல்களையும் சென்ற நூற்றாண்டுப் பதிப்புகளையும் கண் வலிக்காமல் படிக்க விரும்பினார். 1891-இல் வெளியான மனோன்மணீயம் அவர் பட்டியலில் முதலில் இருந்தது. அதன் ஆசிரியர் சுந்தரம் பிள்ளை இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அல்லவா! “தமிழ் நூல்களைத் தெளிவாகப் படிக்கலாம்” என்ற விளம்பர வரியை நம்பி, 11,000 ரூபாய்க்குக் கடன் அட்டையில் ஆறு மாதத் தவணையாக அக்கருவியை வாங்கினார்.

வந்த கருவியில் இரண்டு குறைகள் தென்பட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கிய பழைய நூல்கள் அச்சுப் பக்கத்தின் ஒளிப்படங்களே. ஆறு அங்குலத் திரையில் முழுப் பக்கமும் அடங்கியபோது எழுத்துகள் கடுகளவாயின. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போயிற்று. இது கருவியின் குற்றமன்று, கோப்பின் இயல்பு. எழுத்துருவை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்க வேண்டுமானால் நூல் படமாக இராமல், மதுரைத் திட்டம் வெளியிடுபவை போல, தட்டச்சு செய்த பாடமாக இருத்தல் வேண்டும். ஆனால் அத்தகைய ஒருங்குறிப் பாடங்களைத் திறந்தபோதும் கொம்பும் காலும் உரிய எழுத்தைவிட்டு விலகி நின்றன. இரண்டாவதாகிய இக்குறைக்குக் கருவியே பொறுப்பு.

இவ்வேறுபாட்டை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பொருளைத் திருப்பும்போது விற்பனைத் தளம் காரணம் கேட்கிறது. ஆசிரியர் பட்டியலில் முதலில் கண்ட “இப்போது தேவையில்லை” என்பதைத் தேர்ந்தார், கோரிக்கை மறுக்கப்பட்டது. மனம் மாறியவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது விற்பவரின் கொள்கையைப் பொறுத்தது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையெனில் நிலைமை வேறு. 2020-ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கலாகாது. ஒரே கருவி, ஒரே வாடிக்கையாளர். எழுதும் காரணம் மாறியதும் உரிமையும் மாறிவிடுகிறது.

நம் யோசனைப்படி அவர் மீண்டும் எழுதினார். விளம்பரப் பக்கத்தின் படம், எழுத்துகள் சிதைந்து தெரிந்த திரையின் படம், விலைச்சீட்டு ஆகியவற்றை இணைத்துக் குறைதீர் அலுவலருக்கே அனுப்பினார். அந்த அலுவலர் 48 மணி நேரத்துள் முறையீடு கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துள் தீர்வு காண வேண்டும். கருவி திரும்பப் பெறப்பட்டது.

இங்கே நம் துறை தொடங்குகிறது. “பணத்தை அனுப்பிவிட்டோம்” என்று விற்பனையாளர் கூறியும் கணக்கில் வரவில்லையெனில், அட்டைப் பரிவர்த்தனைக்குரிய 23 இலக்கக் குறிப்பெண்ணைக் கேட்டுப் பெறுக; யுபிஐ வழிச் செலுத்தியிருந்தால் 12 இலக்க எண். அந்த எண் கையிலிருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியால் தேட இயலும். வெறும் குறுஞ்செய்தியைக் கொண்டு தேடுதல் கடினம்.

தவணையில் வாங்கியவர்க்கு இன்னொரு வேலையும் உண்டு. விற்பனையாளர் அனுப்பும் தொகை அட்டையில் வரவாகிவிடலாம். தவணைக் கடனோ தனியே ஓடிக்கொண்டிருக்கும். அதனை முடிக்குமாறு அட்டை வழங்கிய வங்கிக்குத் தனியே எழுதுதல் வேண்டும். ஆசிரியரின் அடுத்த மாதப் பட்டியலில் வரவும் தவணையும் அருகருகே நின்றன! “வட்டியில்லாத் தவணை” என்பதைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலும் வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது. விற்பவர் அதற்கு ஈடாக விலையைக் குறைக்கிறார். வட்டியே இல்லாத கடன் என்ற கருத்தை இந்திய ரிசர்வ் வங்கி 2013-இலேயே ஏற்க மறுத்துவிட்டது. பொருளைத் திருப்பினாலும் அதுவரை கழிந்த வட்டி, செயலாக்கக் கட்டணம், அவற்றின் மீதான 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை பொதுவாகத் திரும்புவதில்லை. நம் ஆசிரியர் சில நூறு ரூபாயை இவ்வாறு இழந்தார். பதினோராயிரம் மீண்டதைவிட இந்தச் சில நூறு போனதே அவரை அதிகம் வருத்தியது என்பதை நாம் அறிவோம்.

பணம் வரவில்லையே என்ற பதற்றத்தில் இணையத்தில் கண்ட “வாடிக்கையாளர் சேவை” எண்ணை அழைப்பதைத் தவிர்க்கவும். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் பணத்தை எடுக்கவே கேட்கிறார். ஏமாற்றப்பட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்கவும்.

விற்பனையாளர் இணங்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருப்பினும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுக் கட்டணம் இல்லை. இணையவழியும் மனுச் செய்யலாம். தாமதம் வங்கியினுடையதாக இருப்பின் முதலில் வங்கியிடமே எழுத்தில் முறையிடுக. 30 நாளில் விடை வரவில்லையெனில், அல்லது வந்த விடை நிறைவளிக்கவில்லையெனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அங்கும் கட்டணம் கிடையாது.