அறுபது வயதில் பாய் ஏற்றியவர்

அன்புள்ள கண்ணு,

உன் அப்பா நேற்று போனில் பேசினார். பந்தயத்தில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாயாம். வீட்டுக்கு வந்ததும் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, “மத்தவங்கல்லாம் எட்டு வயசுலயே ஆரம்பிச்சவங்க. எனக்குப் பதினாலு ஆயிடுச்சு. இனிமே நான் எங்கே போய்ப் பிடிக்கிறது?” என்று அழுதாயாம். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இன்னும் சில பிள்ளைகள் பாய்மரப் படகு பழகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

உனக்கு ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் எல்வ்ஸ்ட்ரோம். டென்மார்க்காரர், 1928இல் பிறந்தவர். 1948இல், இருபது வயதில், லண்டன் ஒலிம்பிக்குக்காக இங்கிலாந்தின் டார்பே விரிகுடாவில் ஃபயர்ஃபிளை என்ற ஒற்றையாள் படகில் இறங்கினார். முதல் பந்தயத்தையே முடிக்காமல் பாதியில் விலகிவிட்டார். ஒலிம்பிக் வாழ்க்கையின் முதல் நாள் அது. அன்று அவரும் எதையாவது கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை, மறுபடி தண்ணீரில் இறங்கினார். கடைசி இரண்டு பந்தயங்களிலும் முதலாவதாக வந்தார். தங்கம் அவருக்குத்தான்.

பிறகு ஃபின் வகைப் படகில் ஹெல்சிங்கி, மெல்போர்ன், நேப்பிள்ஸ் என்று வரிசையாக மூன்று தங்கம். தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய மனிதர் என்றுதான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. எனக்கு அந்த நான்கு தங்கத்தைவிட, அவற்றுக்குப் பின்னால் வந்த ஆண்டுகள் பெரிதாகத் தெரிகின்றன.

முதலில் அவருடைய உழைப்பைச் சொல்லிவிடுகிறேன். படகின் விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைப் பட்டையில் மாட்டி, உடம்பைத் தண்ணீருக்கு மேலே பின்னால் சாய்த்துத் தொங்குகிறாயே, ஹைக்கிங் என்று உன் பயிற்சியாளர் சொல்வது, அதைத் தொடை நடுங்கும்வரை செய்வதென்பதை ஒரு சாதகமாகவே ஆக்கியவர் எல்வ்ஸ்ட்ரோம். படகு விளிம்பைப் போலவே ஒரு பெஞ்சு செய்து வீட்டில் போட்டு, தண்ணீரில் இல்லாத நேரத்திலும் அதில் தொங்கிப் பழகினார். மற்றவர்கள் காற்று பலமானால் பாயைத் தளர்த்துவார்கள். இவர் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்து பாயை இறுக்கியே வைத்திருப்பார். வித்தியாசம் அவ்வளவுதான். படகு ஓடும்போதே உள்ளே சேரும் தண்ணீரைத் தானாக உறிஞ்சி வெளியேற்றும் அந்தச் சின்ன உலோக வாய் உன் படகின் அடியில் இருக்கிறதா என்று பார். இன்றும் பல படகுகளில் அதை அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆனால் உழைப்பு மட்டும் ஒருவரை நெடுங்காலம் தண்ணீரில் வைத்திருக்காது. 1960இல் நேப்பிள்ஸில் கடைசிப் பந்தயத்துக்கு முன்பே அவருக்குத் தங்கம் உறுதியாகிவிட்டது. மனஅழுத்தத்தால் உடம்பு அவ்வளவு கெட்டிருந்தது. அந்தக் கடைசிப் பந்தயத்தில் அவர் இறங்கவே இல்லை. ஜெயித்தே ஆகவேண்டும் என்ற பாரம் அப்படி அழுத்தும், கண்ணு. நீ அழுதாய் என்று கேட்டபோது எனக்குப் பதற்றமாக இல்லை. இந்த வயதிலேயே அந்தப் பாரத்தைத் தூக்கத் தொடங்கிவிட்டாயே என்றுதான் வருத்தமாக இருந்தது. எல்வ்ஸ்ட்ரோம் ஒலிம்பிக்கிலிருந்து விலகி நின்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு ஸ்டார் வகைப் படகோடு திரும்பி வந்தார். நான்காம் இடம். பதக்கம் இல்லை. 1972இல் இன்னொரு வகைப் படகில் கீல் நகருக்கு வந்தார். அதிலும் பதக்கம் இல்லை.

அந்தக் கீல் கடலை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் முதன்முதலாக இந்தியா இறங்கியது அங்கேதான். சோலி கான்ட்ராக்டரும் ஏ.ஏ. பாசித்தும் ஃபிளையிங் டச்மேன் படகில் ஓடினார்கள். நான்கு தங்கம் வாங்கியவரும், நாட்டின் முதல் ஆட்களாக வந்த நம் இருவரும், ஒரே ஒலிம்பிக்கில், ஒரே ஊர்க் கடலில்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1984இல், ஐம்பத்தாறு வயதில், எல்வ்ஸ்ட்ரோம் மறுபடி ஒலிம்பிக்குக்கு வந்தார். இந்த முறை தனியாக இல்லை. கூட ஓடியவர் அவர் மகள் ட்ரீனா. நான்காம் இடம் வந்தார்கள். 1988இல் அறுபது வயதில் மறுபடியும் அதே மகளோடு, தென் கொரியாவின் பூசான் கடலில். அவருக்கு அது எட்டாவது ஒலிம்பிக். நாற்பது ஆண்டுகள்!

அப்பாவும் மகளும் ஓட்டிய படகு டொர்னாடோ. இரண்டு ஒல்லியான உடல்களை இணைத்துக் கட்டிய படகு. அந்த வகைக்கு உலகம் முழுக்க ஒரே பெயர்: கேட்டமரான். அந்தப் பெயர் எங்கிருந்து போனது தெரியுமா? உன் வீட்டிலிருந்து பஸ் ஏறி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் வருமே மாமல்லபுரம், அந்தக் கரையும் சேர்ந்த சோழமண்டலக் கரையிலிருந்து. மரங்களைக் கயிற்றால் இறுகக் கட்டி அலையைத் தாண்டிய நம் மீனவர்களின் கட்டுமரத்தை 17ஆம் நூற்றாண்டில் பார்த்த வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் மொழிக்கு எடுத்துப் போனார்கள். இன்று மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் கரையில் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். சொல் மட்டும் ஒலிம்பிக்வரை போய்விட்டது. பயிற்சிக்கு வரும் மற்ற பிள்ளைகள் கடலோரத்துக்காரர்கள், நீ மட்டும் உள்நாட்டு ஊர்க்காரி என்று கூச்சப்படுகிறாய் என்றும் அப்பா சொன்னார். கூச்சப்பட என்ன இருக்கிறது? இது உன் தமிழ்ச் சொல், உன் மாவட்டத்துக் கடல்.

பூசானை விட்டு இன்னும் நான் வரவில்லை. அதே 1988, அதே கடல். 470 வகைப் படகில் நம் நாட்டின் ஃபரோக் தாராபூரும் அங்கே இருந்தார். 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். 1984, 1988, 1992 என்று மூன்று ஒலிம்பிக் கண்டவர். லாரன்ஸ் லெமியூ என்ற கனடாக்காரரும் இருந்தார். செப்டம்பர் 24 அன்று காற்று கடுமையாக அடித்தது. ஃபின் பந்தயத்தில் லெமியூ இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறொரு பந்தயத்தில் சிங்கப்பூர் வீரர்கள் இருவரின் படகு கவிழ்ந்து, அவர்கள் காயத்தோடு தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்தார். தன் பந்தயத்தை விட்டுவிட்டு அங்கே திரும்பினார். இருவரையும் தூக்கித் தன் படகில் ஏற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைத்தபிறகே மீதித் தூரத்தை ஓட்டினார். நடுவர் குழு அவருக்கு அந்த இரண்டாம் இடத்தையே கொடுத்தது. கடைசியில் பதக்க மேடையில் அவர் இல்லை. ஆனால் ஒலிம்பிக் குழு அவருக்குப் பியர் தெ கூபெர்தான் பதக்கத்தைக் கொடுத்தது.

அவர் செய்தது நம் விளையாட்டின் முதல் விதி. விதிப் புத்தகத்தைத் திறந்து பார், ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவதுதான் முதலில் எழுதியிருக்கும். காற்றும் கோணமும் முந்தும் உரிமையும் அதற்குப் பிறகுதான். விசில் ஊதும் நடுவர் நம் பந்தயங்களில் அநேகமாகப் பக்கத்தில் இருக்கமாட்டார். நீ இன்னொருவர் வழியை மறித்துவிட்டால் நீயாகவே ஒதுங்கி இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் சுற்ற வேண்டும். முப்பது ஆண்டுகள் பந்தயக் குழுப் படகில் உட்கார்ந்து, வந்து சேரும் வரிசையைக் குறித்தவன் நான். சுற்றாமல் நழுவியவர்கள் முன்னால் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து அவர்கள் யாரும் தண்ணீரில் இல்லை. சுற்றியவர்கள் சிலர் தலை நரைத்தபிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்து பாய் ஏற்றுகிறார்கள். இது கணக்குப் போட்டுச் சொன்னதில்லை, என் கண் கண்டது.

அடுத்த வருடம் ஐ.எல்.சி.ஏ. படகுக்கு மாறுவாய் அல்லவா? முன்பு லேசர் என்று சொன்ன அதே படகுதான். அதன் அருமை என்னவென்றால், உடல் ஒன்றே. பாயும் பாய்மரத்தின் கீழ்த் துண்டும் மட்டும் மூன்று அளவு. 4.7 சதுர மீட்டர் பாயோடு நீ தொடங்கலாம். வளர்ந்ததும் 5.76; பெண்கள் ஒலிம்பிக் ஓடுவது அதில்தான். ஆண்களுக்கு 7.06. அதே படகில் மூத்தோருக்கும் உலகப் போட்டி நடக்கிறது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கென்றே அதில் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். எழுபத்தைந்து! பதினாலில் தொடங்கினால் உனக்கு இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஓட இடமிருக்கிறது. எட்டு வயதில் தொடங்கியவளுக்கும் உனக்கும் நடுவில் இருப்பது வெறும் ஆறு வருடம்.

நேத்ரா குமணனை உனக்குத் தெரியும், உன் அறையில் படம் ஒட்டியிருக்கிறாய். சென்னைப் பெண். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை; 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த தகுதிப் போட்டியில் அதைச் சாதித்தார். டோக்கியோவில் 35ஆம் இடம், பாரிஸில் 21. மேடைக்கு வெகுதூரம் என்று பேசியவர்கள் உண்டு. மூன்று வருடத்தில் பதினான்கு படி ஏறியிருக்கிறார் என்று நான் படிக்கிறேன். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் காயும் வெயில், எத்தனை முறை கவிழ்ந்து எழுந்தது என்பது தண்ணீரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். (உன் அத்தை “பொண்ணு கறுத்துப்போயிடும்” என்றாராமே. அத்தையை ஒருநாள் கரைக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். நீ பாயை இழுத்துத் திருப்புவதை அவர் ஒருமுறை பார்த்தால் போதும்.)

வேகத்தைப் பற்றி நீ கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். கடைசிப் பந்தயத்தில் உன்னைத் தோற்கடித்தது கை பலமில்லை. அப்பா எடுத்த வீடியோவைப் பார்த்தேன். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். கண் பாயிலும், பாயைத் தாண்டித் தண்ணீரிலும் இருக்க வேண்டும். இதைப் பழக உனக்குக் கடல்கூட வேண்டாம். மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், ஏரி காத்த ராமர் கோயில் பக்கமாகக் கரைமேல் ஏறி நில். தண்ணீர்மேல் கருத்த திட்டுகள் ஓடி வரும். அவை காற்று இறங்கும் இடங்கள். ஒரு திட்டு எங்கிருந்து கிளம்புகிறது, எந்தப் பக்கம் விரிகிறது, உன்னிடம் வந்து சேர எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று எண்ணு. அரைமணி நேரம் போதும், ஆனால் தினமும்.

மாதத்தில் ஒருநாள் மாமல்லபுரத்துக்குக் காலையிலேயே போய்விடு. விடியலில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கரைக்காற்று தளர்ந்து, சில நிமிடம் ஒன்றும் அசையாமல் நிற்கும். பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே நுழையும். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது பிற்பகல்வரை தாமதிக்கும். பந்தயங்கள் பல அந்த அசையாத நிமிடங்களில்தான் முடிவாகின்றன. இதை அங்கே வலை உலர்த்தும் அண்ணன்களிடம் கேள். வாடை, கொண்டல், கச்சான் என்று அவர்கள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பெயர்களை நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியும் நேரமும் போட்டு வை. உன் பயிற்சியாளர் வடக்கு என்று சொல்லும்போது உனக்கு வாடை என்று கேட்கும். உடம்பு தானாகத் திரும்பும்.

பத்தாம் வகுப்பு வந்தால் விட்டுவிடச் சொல்வார்கள். பரீட்சை மாதத்தில் விடு, குற்றமில்லை. பிறகு வா. இரண்டு வருடம் இடைவெளி விழுந்தாலும் வா. எல்வ்ஸ்ட்ரோம் 1960இல் விட்ட ஒலிம்பிக்கை 1968இல் மறுபடி எடுத்தார்.

இப்போது ஒரு வேலை. கட்டிலுக்கு அடியில் கிடப்பதை வெளியே எடு. ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உப்பு போனபிறகு நிழலில் காயப்போடு. வெயிலில் போடாதே, துணி இற்றுவிடும். ஜிப்பை மேலும் கீழும் பத்துத் தரம் ஓட்டிப் பார். உப்பு உட்கார்ந்திருந்தால் சிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் இருப்பேன். நோட்டும் பேனாவும் கொண்டு வா.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய சிநேகிதர், உனக்குப் பெரியப்பா