முதல் பிக் யாருக்கு? ஒரு கழித்தல் கணக்கு



இந்த வார எபிசோடின் கடைசியில் ஃபேண்டஸி ஃபுட்பால் பத்தி ரெண்டு நிமிஷம் பேசிட்டு, "மீதியை நியூஸ்லெட்டர்ல எழுதுறேன்"னு தப்பிச்சுட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாத்தணும் இல்லையா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு ஆகஸ்ட் மாதம் இந்த அழைப்பு வந்திருக்கும்: "எங்க லீக்ல ஒரு இடம் காலியா இருக்கு, வர்றியா?" சரின்னு தலையாட்டிய மறுநிமிஷமே முதல் கேள்வி வந்துவிடும். யாரை முதலில் எடுப்பது? இதற்கான பதிலை நான் தோற்றுத்தான் கற்றேன்.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. என்எஃப்எல் வீரர்களை வைத்து நாம் ஒரு கற்பனை அணி அமைக்கிறோம். நிஜ மேட்சில் அவர்கள் எடுக்கும் யார்டுக்கும் டச்டவுனுக்கும் நமக்குப் புள்ளி. நம்மூர் கிரிக்கெட் ஆப்களில் கோலியை எல்லாருமே தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். இந்த டிராஃப்டில் அது நடக்காது. ஒருத்தர் எடுத்துட்டா, அந்த வீரர் லீக்கில் வேற யாருக்கும் கிடையாது. இந்த ஒரு விதிதான் கணக்கையே மாத்துது.

2019-ல் எங்கள் அலுவலக லீக்கில் 12 பேர். அதுவரை திங்கட்கிழமை காலை காபி மெஷின் பக்கத்தில் எல்லாரும் மேட்ச் பேசும்போது நான் சும்மா சிரிச்சுட்டு நிப்பேன். அதனால் அழைப்பு வந்ததும் உடனே சேர்ந்துட்டேன். கடைசி இடம் பிடிப்பவர் அடுத்த சீசன் முழுக்க திங்கட்கிழமை டோனட் வாங்கி வரணும் என்பது லீக் விதி.

எனக்கு மூன்றாவது பிக். லீக்கின் பழைய புள்ளிப் பட்டியலைப் பார்த்தேன். மேலே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குவாட்டர்பேக். பந்தை எறிபவர் அவர்தான், புள்ளியும் அவருக்குத்தான் அதிகம். முந்தைய சீசனில் 50 டச்டவுன் எறிந்த பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தேன். ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அப்போது இன்னும் பட்டியலில் இருந்தார். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் சத்தமில்லாமல் அவரை எடுத்துக்கொண்டார்.

அந்த சீசனில் மெக்காஃப்ரி 1,387 யார்டு ஓடினார், 1,005 யார்டு பந்தைப் பிடித்து எடுத்தார், மொத்தம் 19 டச்டவுன். நடுவில் காயம்பட்ட மஹோம்ஸ் முடித்தது 26 டச்டவுனோடு. குவாட்டர்பேக்குகளில் முதலிடம் பிடித்தது, எங்கள் டிராஃப்டில் பத்தாவது சுற்று வரை யாரும் சீண்டாத லமார் ஜாக்சன். அடுத்த வருஷம் டோனட் வாங்கியது யார்னு சொல்லத் தேவையில்லை.

எங்கே தப்பினேன்? மஹோம்ஸ் காயம்பட்டது என் தப்பில்லை. நான் பார்த்த எண்தான் தப்பு. "யார் அதிகப் புள்ளி எடுப்பார்?"னு பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது: "இவரை விட்டால், அதே இடத்துக்கு எனக்கு யார் கிடைப்பார்?"

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் வெறும் உதாரணத்துக்குத்தான். 12 அணி, ஒவ்வொன்றும் ஒரு குவாட்டர்பேக்கையும் இரண்டு ரன்னிங் பேக்கையும் இறக்கணும்.

முதல் குவாட்டர்பேக் 380 புள்ளி, 12-ஆவது 290. வித்தியாசம் 90.
முதல் ரன்னிங் பேக் 330 புள்ளி, 24-ஆவது 170. வித்தியாசம் 160.

குவாட்டர்பேக்கின் மொத்தம் பெரிசு. ஆனா எதிராளியை விட நான் எவ்வளவு முன்னே போவேன்னு காட்டுவது வித்தியாசம்தான். என்எஃப்எல்லில் 32 அணி, அதாவது 32 முதல்நிலை குவாட்டர்பேக். லீக்குக்குத் தேவை 12 பேர். ரன்னிங் பேக் குறைந்தது 24 பேர் வேணும், அதிலும் முழு வேலையும் ஒரே ஆளிடம் கொடுக்கும் அணிகள் குறைவு. மெஷின் லேர்னிங் செய்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். பேஸ்லைன் சொல்லாம "என் மாடல் 90 சதவீதம்"னு சொன்னா நம்ம யாராவது கைதட்டுவோமா?

இதனால் எப்பவும் ரன்னிங் பேக்தான் முதலில் என்று மனப்பாடம் பண்ணிடாதீங்க. 2022-ல் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 110 கேட்ச், 1,338 யார்டு, 12 டச்டவுன். கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் லீக்கில் இது சுமார் 316 புள்ளி. மொத்தத்தில் அவரை மிஞ்சிய ரிசீவர்கள் உண்டு. ஆனால் அவருக்கும் அடுத்த டைட் எண்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 100. அதேபோல, இரண்டு குவாட்டர்பேக் இறக்கும் லீக்கில் 32 பேரில் 24 பேர் தேவைப்படுவார்கள். அங்கே குவாட்டர்பேக்கை முதலில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதனால் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறக்கும் முன் உங்க லீக் விதிகளை ஒருமுறை முழுசா படிங்க.

உங்கள் முறை எப்போது திரும்பி வரும் என்பதையும் பாருங்க. பாம்பு மாதிரி வளைந்து போகும் டிராஃப்டில் 10-ஆவது ஆளுக்கு அடுத்த பிக் 15, அதற்கடுத்தது 34. 15-க்கும் 34-க்கும் நடுவில் எந்த இடத்துக்கான நல்ல ஆட்கள் தீர்ந்துபோவார்களோ, அவர்களை 15-லேயே எடுத்துடணும்.

2020-ல் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கிட்டு, டோனட்டையும் வாங்கிக்கிட்டு உட்கார்ந்தேன். குலுக்கலில் முதல் பிக் எனக்கே விழுந்தது. மெக்காஃப்ரியை எடுத்தேன். இரண்டாவது வாரமே காயம், சீசன் முழுக்க மூன்றே மேட்ச் ஆடினார். அவருடைய இடத்தில் இறங்கிய மைக் டேவிஸை நான் எடுத்து வைக்கவில்லை. பக்கத்து சீட்காரர் எடுத்து வைத்திருந்தார்.

அன்னிக்கு ஸ்ப்ரெட்ஷீட்டைத் தூக்கிப் போட்டுடலாம்னு தோணுச்சு. போடல. முதல் வருஷம் தப்பான காரணத்துக்காகத் தோற்றேன். ரெண்டாவது வருஷம் சரியான முடிவு எடுத்தும் தோற்றேன். இந்த ரெண்டு தோல்வியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டா அடுத்த வருஷமும் கத்துக்க எதுவும் இருக்காது. ஷீட்டில் "இவர் இல்லேன்னா யார்?"னு ஒரு பத்தி மட்டும் சேர்த்தேன்.

நான் மட்டும்தான் இப்படி ஏமாந்தேன்னு நினைக்காதீங்க. 1963-ல் ஓக்லாந்தில் நடந்த உலகின் முதல் ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டது குவாட்டர்பேக் ஜார்ஜ் பிளாண்டா. ரன்னிங் பேக் ஜிம் பிரவுனை அவருக்கு அப்புறம்தான் எடுத்தார்கள். அந்த சீசனில் பிரவுன் ஓடியது 1,863 யார்டு.

உங்க லீக்கில் எத்தனை அணி, உங்களுக்கு எத்தனையாவது பிக்னு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் ரெண்டு மூணு பேருடைய கணக்கை சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். டோனட் செலவு மிச்சமானா சந்தோஷம்!