கதிரும் இராட்டையும்

தமிழில் 'நூல்' என்னும் ஒரே சொல் ஆடையாகும் இழைக்கும் அறிவு தரும் ஏட்டுக்கும் பெயராய் நிற்கிறது. இந்த ஒற்றுமையை நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் ஓர் உருவகமாக விரித்துரைத்தார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் அறிவே கதிர். இலக்கண வகுப்பில் இதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால், 'கதிர் என்றால் என்ன?' என்று கேட்டால் நம்மில் பலர் நெற்கதிரையோ ஞாயிற்றின் கதிரையோதான் நினைப்போம். நூற்கும் கருவியில் சுழல்கின்ற கூரிய கம்பிக்கே அங்குக் கதிர் என்று பெயர்.

சில ஆண்டுகளாக நான் பழைய இராட்டைகளைத் தேடி வாங்கிப் பழுது நீக்கி, அவற்றில் நூற்றும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதிர் செய்யும் வேலை

நன்னூலின் உருவகத்தில் கை உண்டு, கதிர் உண்டு, சக்கரம் இல்லை. நூற்றலுக்கு இன்றியமையாதவை கையும் கதிருமே. தக்ளியில் சக்கரம் ஏது? கையால் திருகிவிட்ட கம்பி தானே சுழன்று பஞ்சை முறுக்குகிறது. சங்க காலத்திலும் நூற்றல் பெண்டிரின் தொழிலாக இருந்தது. இரவில் எழுந்து சிறு விளக்கின் ஒளியில் பஞ்சைத் தூய்மை செய்யும் ஒருத்தியைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. சக்கரமோ பின்னால் வந்த துணைவன். 'சர்க்கா' என்பது சக்கரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்று பிறந்தது. 1350-இல் இசாமி என்பவர் பாரசீக மொழியில் இயற்றிய வரலாற்றுக் காவியத்தில் இக்கருவி குறிக்கப்படுவதை அறிஞர் இர்பான் ஹபீப் எடுத்துக்காட்டியுள்ளார்.

சக்கரம் கதிரை விரைவாகச் சுழற்றுகிறது; அவ்வளவே. சக்கரத்தின் குறுக்களவு 20 அங்குலம், கதிரின்மேல் கயிறு ஓடும் உருளையின் குறுக்களவு அரை அங்குலம் என்று கொள்வோம். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் கதிர் 40 முறை சுற்றும். கயிறு வழுக்குவதால் உண்மையில் சிறிது குறையும்.

நூற்பவர் வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி, இடக்கையால் பஞ்சுப் பட்டையைப் பிடித்து மெல்லப் பின்னிழுக்கிறார். இழை கதிரின் நுனியிலிருந்து சாய்வாக வரவேண்டும். அப்போது கதிர் சுழலுந்தோறும் இழை நுனியை விட்டு நழுவி ஒரு முறுக்கு ஏறும். கை எட்டுமட்டும் இழுத்தபின் சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் திருப்பி, இழையைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றினால் இழை கதிரில் ஏறிக்கொள்ளும். சாய்வாய்ப் பிடித்தால் முறுக்கு, செங்குத்தாய்ப் பிடித்தால் சுற்று. இந்த ஒரு விதியை அறிந்தவர் இராட்டையின் பாதியை அறிந்தவர்.

மேலைநாட்டு இராட்டைகள் பலவற்றில் கதிரைச் சூழ்ந்து இறக்கை போன்ற ஓர் உறுப்பு உண்டு. அது முறுக்கலையும் சுற்றலையும் ஒரே சமயத்தில் செய்யும். காலால் மிதித்து ஓட்டலாம். நியூசிலாந்தில் 1934-இல் தொடங்கப்பெற்ற ஆஷ்போர்டு நிறுவனத்தார் இவ்வகை இராட்டைகளைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றனர். நீண்ட இழையுடைய ஆட்டு மயிருக்கு அது பொருத்தம். பருத்தி இழையோ குட்டையானது. இறக்கை ஈர்க்கும் ஈர்ப்பில் எளிதில் அறும். நம் நாட்டில் கதிர் இராட்டை நிலைபெற்றதற்கு இது தக்க காரணம். 'பிற்போக்கு' என்று அதைத் தள்ளுவது பொருந்தாது.

இவ்வூரில் காணும் மூவகை

திருவனந்தபுரத்தில் 'ராட்டு' என்று கேட்டால் மூவகைக் கருவிகளைக் காட்டுவார்கள். சேகரிப்போர் முதலில் இவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, பஞ்சு நூற்கும் இராட்டை. இதன் கதிர் மெல்லியதாய், நுனி கூராய் இருக்கும்.

இரண்டாவது, தறிக்குத் தார் சுற்றும் இராட்டை. நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள பலராமபுரம் நெசவாளர் ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராமவர்மரின் காலத்தில், திவான் உம்மிணித்தம்பியின் முயற்சியால், தென்தமிழ் நாட்டுச் சாலியர் இங்குக் குடியேற்றப்பட்டனர் என்பது வரலாறு. அவர்கள் குழித்தறிகளில் நெய்யும் கசவு ஆடை புகழ் பெற்றது. அங்கு ஒரு வீட்டுத் திண்ணையில் சக்கரம் ஒன்றைக் கண்டு, "பாட்டி, இதில் நூற்பீர்களா?" என்று கேட்டேன். "இல்ல மக்களே, நூலு மில்லுல இருந்து வருது. இது தாரு சுத்துற ராட்டு" என்றார் அம்மூதாட்டி. ஆலையில் ஏற்கெனவே முறுக்கிய நூலை நாடாவுக்குள் வைக்கும் தாரில் ஏற்றுவதே அதன் வேலை. அதன் கம்பி தடித்து, தாரைச் செருகுவதற்கு ஏற்றவாறு இருக்கும். கடைகளில் 'காந்தி காலத்து ராட்டை' என்று விலை கூறப்படுபவற்றில் இவ்வகையும் உண்டு. வாங்குவோர் கதிரின் நுனியைத் தொட்டுப் பார்த்து வாங்குக.

மூன்றாவது, கயிறு திரிக்கும் ராட்டு. அஞ்சுதெங்கு, சிறையின்கீழ் முதலிய கடற்கரை ஊர்களில் தென்னை நார் திரிக்கும் தொழில் நெடுங்காலமாக உண்டு. கயிற்று வணிகத்தில் 'அஞ்சுதெங்கு' என்பதே ஒரு வகைக் கயிற்றின் பெயராக வழங்கும். இங்கு ராட்டை ஒருவர் சுற்ற, நாரை மடியில் ஏந்திய பெண்கள் அதன் கொக்கிகளில் நாரை மாட்டி, விரலால் நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். பஞ்சு நூற்பவர் கையை மட்டும் பின்னிழுக்கிறார். கயிறு திரிப்பவர் தாமே பின்னால் நடக்கிறார். தத்துவம் ஒன்றே.

பெட்டி இராட்டையும் அம்பர் இராட்டையும்

காந்தியடிகள் கைத்தொழிலைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளில் இராட்டையைக் கண்ணாலும் கண்டதில்லை. கங்காபென் மஜூம்தார் என்னும் அம்மையார் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். வீட்டுப் பரண்களில் பயனற்றுக் கிடந்த கருவிகள் மீண்டும் கீழே இறங்கின. நம் நாட்டில் பழைய இராட்டையைத் தேடி எடுத்துப் பழுது நீக்குவோர் அனைவரும் அவ்வம்மையாரின் வழிவந்தோரே.

1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். 1929-இல் சிறந்த இராட்டை அமைப்போர்க்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 வரையிலான நம்பர் நூல் 16,000 அடி நூற்கவேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஒரு பெண் களைப்பின்றி எட்டு மணி நேரம் ஓட்டக்கூடியதாக வேண்டும் என்பன நிபந்தனைகளுட் சில. இதன் கடுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 20-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜமுள்ள சிட்டம் 20 சேர்ந்து ஒரு பவுண்டு எடை; அதாவது 16,800 கெஜம், அல்லது 50,400 அடி. மணிக்கு 2,000 அடி நூற்கும் அந்தக் கனவு இராட்டைக்கே ஒரு பவுண்டு நூலுக்கு 25 மணி நேரம் வேண்டும். சாதாரண இராட்டையில் நூற்ற ஏழைப் பெண்ணின் உழைப்பு எவ்வளவு என்பது இதிலிருந்து விளங்கும்.

எரவாடா சிறையில் காந்தியடிகள் பெட்டி இராட்டையைச் சீர்திருத்தினார். மூடினால் கைப்பெட்டி, திறந்தால் இரு சிறு சக்கரங்கள். எடுத்துக்காட்டாக, 8 அங்குலச் சக்கரம் 2 அங்குல உருளையைச் சுழற்றினால் 4 சுற்று. அவ்வுருளையோடு ஒரே அச்சிலுள்ள 5 அங்குலச் சக்கரம், கதிரின் அரை அங்குல உருளையைச் சுழற்றினால் 10 சுற்று. 4-ஐ 10-ஆல் பெருக்க 40. பெரிய சக்கரம் செய்த வேலையைப் பெட்டிக்குள் அடங்கிய இரண்டு சிறு சக்கரங்கள் செய்துவிடுகின்றன!

பின்னர், 1949-ஐ ஒட்டி, திருநெல்வேலி மாவட்டத்து ஏகாம்பரநாதன் புதிய இராட்டை ஒன்றை அமைத்தார். அவர் பெயரின் பகுதியே 'அம்பர்' என அதற்குப் பெயராயிற்று. அம்பரம் என்பது ஆடையையும் குறிக்கும் சொல்லாதலால் பெயர் இருவகையிலும் பொருந்தியது. இதில் விரல் செய்யும் வேலையை உருளைகள் செய்கின்றன. பின்னுருளையினும் முன்னுருளை விரைந்து சுழல்வதால் பஞ்சு மெல்லிதாய் நீள்கிறது. வளையமும் அதன்மேல் ஓடும் சிறு கொளுவியும் முறுக்கையும் சுற்றையும் ஒருங்கே தருகின்றன. ஆலையின் தத்துவம் வீட்டுக்குள் வந்தது எனலாம். கதிர்களும் ஒன்றுக்குப் பலவாயின. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், 1956 முதல், அரசு இதனை நாடெங்கும் பரப்பியது.

இங்கு ஒரு வினா எழுகிறது. பவணந்தியார் கையை வாய்க்கு ஒப்பிட்டார். அம்பர் இராட்டையில் கை பஞ்சைத் தொட்டுப் பேசுவதில்லை; சுற்றுவது மட்டுமே அதன் பணி. கூலி உயர்ந்தது, விரலின் நுட்பம் குறைந்தது. கூலிக்கு நூற்கும் பெண்ணிடம் நுட்பத்தின் பெயரால் பழைய இராட்டையைக் கொடுப்பது நீதியன்று. ஆயினும் அந்த நுட்பத்தை யாரேனும் காத்துவைக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு நூற்கத் தேவையில்லாத நாம்தான் அதற்கு உரியவர்கள் என்பது என் கருத்து.

பழுது நீக்கும் முறை

இவ்வூரில் இடவப்பாதி மழையும் துலாமழையும் இராட்டைக்குப் பகை. கதிர் துருப்பிடிக்கும், மரம் ஊதும், பருத்திக் கயிறு ஈரத்தில் இறுகி, வெயிலில் தளரும். ஆகவே பழுது நீக்குவோர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்க.

1. பிரிக்குமுன் படம் எடுத்து, ஒவ்வோர் உறுப்பிலும் அடையாளமிடுக. கழற்றிய பழைய உறுப்பை எறியாமல் பையிலிட்டு இராட்டையோடு வைக்க.

2. கதிரை முதலில் பார்க்க. மெல்லச் சுழற்றினால் நுனி ஒரே புள்ளியில் நிற்கவேண்டும். நுனி வட்டமிட்டால் கதிர் வளைந்துள்ளது. மரக்கட்டைமேல் வைத்து மரச் சுத்தியால் சிறிது சிறிதாக நிமிர்த்துக. துருவை மெல்லிய உப்புத்தாளால் நீக்குக.

3. அச்சுக்கு நல்லெண்ணெய் வேண்டா, நாளடைவில் பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும்.

4. கயிறு வழுக்கினால் இறுக்கிக் கட்டுவதற்கு முன், அதில் சிறிது குங்கிலியப் பொடி தடவிப் பார்க்க. அளவுக்கு மீறிய இறுக்கம் கதிரை வளைக்கும்.

5. சில பழைய இராட்டைகளில் சக்கரத்துக்கு மர வட்டை இராது. இரு வரிசை ஆரங்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டிய கயிறே வட்டையாகும். அந்தக் கட்டுமுறையை வரைந்து வைத்துக்கொண்ட பின்னரே பழங்கயிற்றை அவிழ்க்கலாம்.

6. கைப்பிடியை இழைத்து மெருகிடலாகாது. பல்லாண்டு பிடித்த உள்ளங்கையால் தேய்ந்த அந்தப் பள்ளம் அக்கருவியின் வரலாறு.

எல்லாம் முடிந்தபின் நூற்றுப் பார்க்கவேண்டும். நூலே சோதனை. முறுக்கேறாமல் இழை பிரிந்தால் கயிறு வழுக்குகிறது. இழை நடுங்கி அறுந்தால் கதிர் வளைந்துள்ளது. சக்கரம் பாரமாய் ஓடினால் அச்சு காய்ந்துள்ளது. நூற்கத் தெரியாதவர் இராட்டையைப் பழுது நீக்குவது, பாடத் தெரியாதவர் வீணைக்குத் தந்தி கட்டுவது போன்றதே.

எதற்காக?

2013 நவம்பரில் இங்கிலாந்தில் நடந்த ஏலமொன்றில், எரவாடா சிறையில் காந்தியடிகள் பயன்படுத்திப் பின் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்குக் கொடுத்த இராட்டை 1,10,000 பவுனுக்கு விற்பனையாயிற்று. மறுபுறம், பெயரில்லாத பெண்கள் ஓட்டித் தேய்ந்த இராட்டைகள் விறகுக்குப் போகின்றன. கைந்நூற்றுக் கைநெய்த துணியில் மட்டுமே அமையலாம் என்றிருந்த நம் தேசியக் கொடியும், 2021 டிசம்பர் 30-இல் விதி திருத்தப்பட்டபின், ஆலைத் துணியிலும் பாலியெஸ்டரிலும் அமையலாம் என்றாயிற்று. கைந்நூலுக்கு இருந்த கட்டாயத் தேவைகளில் ஒன்று இவ்வாறு நீங்கியது. இனி அக்கலை வாழ்வது விரும்பிக் கற்போரின் கையில்தான் இருக்கிறது.

புகழ் பெற்ற இராட்டையைக் காக்கக் கண்ணாடிப் பேழையும் காவலும் உண்டு. புகழ் பெறாததைக் காப்பதற்குத்தான் நாம் தேவை. நம் வீடுகளில் பாட்டியோ பூட்டியோ பயன்படுத்திய இராட்டை பரணில் கிடக்கலாம். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் ஏறிப் பார்க்க. கிடைத்தால், நூற்கத் தெரிந்த முதியவர் யாரேனும் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் கேட்க. கருவியைப் பின்னர்ப் பழுது நீக்கலாம். அந்தக் கையின் பழக்கம் முதியவரோடு போய்விட்டால் திரும்பாது.