கால்நடை விருத்தியில் குணங்களின் மரபுத் தொடர்பு

பாலைப் பெருக்க விரும்புவோன் மிகுதியாய்க் கறக்கும் பசுக்களையும் அவற்றின் வழிவந்த பொலிகாளைகளையுமே தெரிந்தெடுப்பான். ஆயினும் அவன் கருதிய குணம் மட்டும் மாறுவதன்று; கருதாத குணங்களும் உடன் மாறும். அம்மாற்றத்தை முன்னரே அளந்தறியும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இரு குணங்கள் தம்முள் தொடர்புற்றுக் காணப்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று சூழ்நிலை. நல்ல தீனி பெற்ற பசு மிகுதியாய்க் கறக்கும். விரைவில் சினையும் படும். மற்றொன்று மரபு. ஒரே ஜீன் இரு குணங்களிலும் தொழிற்படலாம். அல்லது இரு ஜீன்கள் ஒரே குரோமசோமில் அருகருகே அமைந்து சேர்ந்தே சந்ததிக்குச் செல்லலாம். கொட்டிலில் நம் கண்ணுக்குப் புலப்படுவது இவ்விரண்டும் கலந்த தொடர்பே. கன்றுக்குச் செல்வதோ மரபின் பங்கு மட்டுமே.

அப்பங்கைப் பிரித்தறிவது எங்ஙனம்? உறவினரைக் கொண்டே அறிதல் வேண்டும். ஒரு பொலிகாளைக்குப் பல பண்ணைகளில் பிறந்த பசுக்களுக்குத் தாய் வேறு, தீனி வேறு, தந்தை ஒன்றே. ஆதலின் அவை பொதுவாய்ப் பெற்றவை அத்தந்தையின் ஜீன்களே. மிகுபால் தரும் காளைகளின் பெண்வழிக் கன்றுகள் வளர்ந்தபின் சினைப்படுவதில் பின்தங்கின், அத்தொடர்பு எதிர்மறை என்க.

உதாரணமாக, தற்செயல் வேறுபாடுகளைக் கழித்தபின், காளைகளுக்கிடையே பாலளவின் மாறுபாடு 100 எனவும், சினைத்திறத்தின் மாறுபாடு 4 எனவும், இரண்டின் உடன்மாறுபாடு −6 எனவும் கொள்வோம். 100-க்கு வர்க்கமூலம் 10, 4-க்கு 2, பெருக்க வருவது 20. −6-ஐ 20-ஆல் வகுக்க −0.3 கிடைக்கும். இதுவே மரபுத் தொடர்பெண். இது −1 முதல் +1 வரை அமையும். 0 ஆயின் தொடர்பில்லை.

அமெரிக்க அறிஞர் ஹேசல் 1943-இல் இத்தகைய தொடர்பெண்களைக் கணிக்கும் வழியையும், பல குணங்களை ஒரே மதிப்பெண்ணாகத் திரட்டித் தெரிந்தெடுக்கும் முறையையும் விளக்கினார். ஆயினும் எச்சரிக்கை இரண்டு உள. காளைகள் சிலவேயாயின் விடை நிலையற்றதாகும். சினைப்படாத பசுக்களை விற்றுவிட்டு எஞ்சியவற்றை மட்டும் எண்ணின் விடை பிழைபடும்.

இக்கணக்கைப் புறக்கணித்ததன் விளைவை ஹால்ஸ்டீன் இனத்தில் காணலாம். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் அவ்வினத்தின் பால் பெரிதும் பெருகிற்று; சினைத்திறமோ படிப்படியாய்க் குன்றிற்று. நார்வே நாட்டினர் 1970-களிலேயே சினைத்திறத்தையும் மடிநோய் எதிர்ப்பையும் தம் மதிப்பெண்ணில் சேர்த்தனர். அமெரிக்கர் 2003-இல் சினைத்திறத்தைச் சேர்த்தனர்.

எதிர்மறைத் தொடர்பு என்றதும் மனந்தளர வேண்டுவதில்லை. 0.3-இன் வர்க்கம் 0.09. அஃதாவது, நாம் கண்ட உதாரணத்தில் ஒரு குணத்தின் மரபு மாறுபாட்டில் நூற்றுக்கு ஒன்பது பங்கே மற்றதனோடு பிணைந்துள்ளது. எஞ்சிய தொண்ணூற்றொரு பங்கும் தனித்தே நிற்பதாகும். ஆகவே பாலும் மிகுந்து சினைத்திறமும் குறையாத காளைகள் உண்டு. இரண்டையும் ஒருங்கே எடைபோடுவோனுக்கே அவை அகப்படும்.