குறி தவறாத குழல்: வாய்வழி கெட்டிக்கும் ரைபிளைப் பராமரிப்பது எப்படி?

காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை ஹைதர் அலி, திப்பு படைகளிடம் தோற்றது. அன்று களத்தில் இருந்த துப்பாக்கிகள் குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிப்பவை. அந்த வகைத் துப்பாக்கிக்கு இன்றும் உரிமம் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. குழலுக்குள் திருகலாக வெட்டிய காடிகள் உள்ள ரைபிள் என்றால், அதைக் கவனமாக வைத்துக்கொண்டால் குண்டு ஒரே இடத்தில் விழும்.

கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திடக்கசடாகவே மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் குழலின் உள்ளளவைக் குறைக்கும். தறிப்பலகையை ஒரே அளவு அடித்தால்தான் காஞ்சிபுரத்துத் தறியில் சேலை சீராக விழும். அதுபோல ஒவ்வொரு வெடிக்கும் குழல் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

1. முதலில் காலியா என்று பாருங்கள்

கெட்டிக்கும் கோலை வெறுங்குழலில் அடிவரை இறக்கி, குழல்வாய் மட்டத்தில் கோலின் மேல் ஒரு கோடு போடுங்கள். மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்திருக்கும்போது இன்னொரு கோடு. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் கோலை இறக்கிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். தலையையோ உடலையோ குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

2. எண்ணெயைத் துடைத்து எடுங்கள்

சுடும் முன் உலர்ந்த பருத்தித் துணியால் குழலுக்குள் இருக்கும் எண்ணெயை முழுக்க எடுங்கள். பிறகு மருந்து போடாமல், நிப்பிள் என்னும் சிறு குழாயின் மேல் கேப் (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) மட்டும் வைத்து, குழல்வாயைத் தரையிலுள்ள ஒரு புல்லுக்கு நேராகப் பிடித்து அடியுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளில் அடைப்பு.

3. ஒரே அளவில் கெட்டியுங்கள்

தயாரிப்பாளர் சொன்ன கரிமருந்தை, சொன்ன அளவுக்கு மேல் போகாமல் போடுங்கள். புகையில்லா மருந்து ஒருபோதும் கூடாது, குழல் வெடித்துவிடும். மருந்துப் புட்டியிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு பொறி இருந்தாலும் புட்டியே வெடிக்கும். அளவுக்குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

குண்டைச் சுற்றும் துணியின் கனம் மாறக் கூடாது. மருந்தின் மேல் குண்டு இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் உட்கார வேண்டும். கோலின் இரண்டாவது கோடு குழல்வாய் மட்டத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். இடைவெளி விட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் கூடும்.

துணிக்குத் தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்த பூச்சு போதும். கனிம எண்ணெய் கசடோடு சேர்ந்தால் தாராக இறுகும்.  

4. வெடிக்கு வெடி துடையுங்கள்

சுட்டபின் சற்றுப் பொறுத்து, லேசாக நனைத்த துணியை ஒருமுறை, உலர்துணியை ஒருமுறை செலுத்துங்கள். சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். நீர் அடியில் தங்கி அடுத்த மருந்தைக் கெடுக்கும். கேப் வெடித்தும் மருந்து பற்றாவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள்.

5. அன்றே கழுவுங்கள்

குழலைக் கட்டையிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றி, நிப்பிளை எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தைச் சோப்பு கலந்த வெந்நீர் வாளியில் வையுங்கள். துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுத்தால் நீர் உறிஞ்சப்பட்டுக் கசடு கருப்பாக வெளியேறும். பிறகு சுத்தமான வெந்நீர். சூடேறிய இரும்பு விரைவில் உலரும். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். நிப்பிளின் மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கேப்பை அடிக்கும் குதிரையையும் விசைப் பகுதியையும் துடைக்க மறக்காதீர்கள்.

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊரில் துடைக்கத் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய பருத்தி வேட்டிதான் இதற்கு ஏற்றது. பாலியஸ்டர் வேண்டாம், கனல் பட்டால் உருகிக் குழலில் ஒட்டும்.

கோல் உரசிக் குழல்வாய் தேய்ந்தால் குறி போய்விடும். பித்தளைக் காப்பு மாட்டிய கோலைப் பயன்படுத்துங்கள்.

6. மழைக்காலத்தில் விடாமல் பாருங்கள்

கழுவிய மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் எண்ணெய்த் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பு வந்தால் மறுபடி சுத்தம் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழையின் மாதங்களில் இது கட்டாயம். தோலுறையில் வைக்காதீர்கள், ஈரம் தங்கும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேர்ந்தால், கழுவி எண்ணெயிட்டே கொடுங்கள்.

7. சட்டத்துக்குள் நில்லுங்கள்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் செல்லுபடியாக வேண்டும். அனுமதியின்றிக் குழலை வெட்டிக் குறைப்பது குற்றம். பழுது பார்ப்பதை உரிமம் பெற்ற கடையிடமே விடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. பயிற்சிக்கு அனுமதி பெற்ற சுடுதளமே இடம்.

குறி சிதறினால்

உடனே சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) தொடாதீர்கள். முதலில் கசடு, அடுத்து குண்டு அமர்ந்த ஆழம், பிறகு துணியின் கனம், மருந்தின் அளவு, குழல்வாய் என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் குண்டு ஒரே பக்கம் விலகினால் மட்டுமே சைட்டைத் திருத்துங்கள்.