வில்லையில் படிந்த புகை

சென்ற ஐப்பசியில் சீர்காழியில் நடந்த கண் பரிசோதனை முகாமுக்குத் தொண்டனாகச் சென்றிருந்தேன். "எழுத்தெல்லாம் புகையா தெரியுது தம்பி" என்றார் ஒரு பாட்டி. வேறு வில்லையை மாட்டியதும் கடகடவெனப் படித்துவிட்டார்! குற்றம் கண்ணிலன்று, வில்லையில் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்த பூஞ்சணத்தில். காலையில் அதை வாயால் ஊதிக் கைக்குட்டையால் துடைத்து வைத்தவன் நானே. இயற்பியல் மாணவனல்லவா, வெட்கமாகிவிட்டது.

நம் காவிரிக் கரையின் ஈரக்காற்றும் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சணத்திற்கு விருந்து. அது சுரக்கும் அமிலம் நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடும். பிறகு துடைத்தும் பயனில்லை. முதலில் ரப்பர் குமிழால் தூசியை ஊதிப் போக்க வேண்டும். இல்லையேல் மணல் துகள் கீறும். பின்னரே ஆல்கஹால் தொட்ட மென்பஞ்சால், நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்கலாம். பெட்டிக்குள் நீல நிறச் சிலிகா ஜெல் இடுவது நன்று. ஈரமேறி இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். மதுரையில் 1976இல் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனை கருவிப் பராமரிப்புக்கென்றே பயிற்சி வகுப்பு நடத்துகிறது.

அந்த வில்லையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.